நட்டம் என்றால் நட்டம் என்றே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழை முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்கிப் படிக்கிறேன். காலையில் நான் முதலில் புரட்டுவது வணிகப் பக்கத்தைத்தான். அது தொழில் பழக்கம். முதலில் பேரணாம்பட்டிலும் பிறகு ராணிப்பேட்டையிலுமாக முப்பத்து நான்கு வருஷம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்று இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன். இந்த வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த ஒரு கம்பெனிச் செய்தியின் தலைப்பைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். முழுவதையும் போட இடம் இல்லை என்றாலும் சரி, வணிகப் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் ஒருமுறை படித்தால் போதும்.

போன வருஷம் வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் போயிருந்தேன். அக்கா வீடு அங்கேதான். சிரசு ஊர்வலம் பார்த்துவிட்டு வெயிலில் களைத்துப்போய் வந்து உட்கார்ந்ததும், அக்கா மோர் கொடுத்துவிட்டு பீரோவிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துவந்தார். தங்கள் இதழிலிருந்து கத்தரித்து வைத்தது. வீட்டு உபயோகப் பொருள் செய்யும் ஒரு கம்பெனியைப் பற்றிய செய்தி. 'நான்காம் காலாண்டில் 12% விற்பனை வளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதன் கீழே தலைவரின் சிரித்த முகம்.

"தம்பி, இதப் பாரு. நல்லா வளருதுன்னு போட்டிருக்கான். மாமா பணம் பேங்குல சும்மாத்தானே கெடக்குது?" என்றார்.

மாமா அரசு பஸ் கண்டக்டராக இருந்து, ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷமே போய்ச் சேர்ந்தவர். அவர் விட்டுப்போன பணத்தில் 1,80,000 ரூபாய்க்கு அந்தக் கம்பெனிப் பங்கு வாங்கலாமா என்பது அக்காவின் கேள்வி. கம்பெனிப் பெயர் எனக்குத் தெரிந்த பெயர்தான். தலைப்பைப் பார்த்தேன், "நல்ல கம்பெனிதாங்க்கா" என்றேன். துண்டின் கடைசி வரி வரைக்கும் படிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் படிக்கவில்லை. அடுத்த வாரம் அக்கா மகன் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

ஆகஸ்டில் ஆண்டறிக்கை வந்தது. மெயிலில் வந்ததை வாசிக்க எனக்குக் கண் ஒத்துழைக்கவில்லை என்பதால், அக்கா பெயரில் எழுதிப்போட்டு அச்சுப் பிரதி வரவழைத்தேன். 212 பக்கம். முதல் அறுபது பக்கம் வழவழப்பான கலர் தாள். சூரியகாந்தித் தோட்டம், சிரிக்கும் குழந்தை, ஹெல்மெட் போட்ட தொழிலாளி. கணக்கு ஆரம்பிக்கும் இடத்தில் தாளும் மெலிந்துபோகிறது, எழுத்தும் சிறுத்துப்போகிறது. வழக்கப்படி பின்பக்கத்திலிருந்து படித்தேன். பழைய கணக்கர்கள் எல்லோரும் அப்படித்தான் படிப்போம்.

முந்தின வருஷம் நிகர லாபம் 41 கோடி. இந்த வருஷம் 18 கோடி. அந்தப் பதினெட்டிலும் 11 கோடி, பழைய தொழிற்சாலை நிலத்தை விற்று வந்தது. அந்த விவரம் 37ஆம் எண் குறிப்பில் இருக்கிறது. ஆக, தொழில் செய்து வந்த லாபம் 7 கோடிதான்.

சரி, அந்த 12 சதவீதம் எங்கிருந்து வந்தது? அக்டோபர்–டிசம்பரோடு ஜனவரி–மார்ச்சை ஒப்பிட்டால் வருகிறது. கோடைக்கு முன்னால் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதால், இந்தத் தொழிலில் ஜனவரி–மார்ச் எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். முந்தின வருஷத்து ஜனவரி–மார்ச்சோடு வைத்துப் பார்த்தால் விற்பனை 3 சதவீதம் குறைந்திருந்தது. கம்பெனி சொன்ன 12 பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் அதைப் படித்த அக்கா மனதில் பதிந்தது பொய். என்னைத் தொந்தரவு செய்வது இந்த இடம்தான்.

தலைவர் கடிதம் நான்கு பக்கம். பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். 'சவால்' பதினான்கு இடத்தில் இருக்கிறது. 'பயணம்' ஒன்பது இடத்தில். 'லாபம் குறைந்தது' என்று ஓர் இடத்திலும் இல்லை. 'லாபத்தன்மையில் மிதமான தன்மை' என்று ஒரு இடத்தில் இருக்கிறது. 41 ஏழானதற்கு வைத்திருக்கும் பெயர் அது.

அடுத்து ஒரு படம். வருடாந்திர விற்பனையைக் காட்டும் இரண்டு தூண். ஸ்கேலை வைத்து அளந்தேன். முந்தின வருஷத் தூண் இரண்டு சென்டிமீட்டர், இந்த வருஷத் தூண் மூன்று சென்டிமீட்டர். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றரை மடங்கு. விற்பனையோ 440 கோடியிலிருந்து 460 கோடி, ஐந்து சதவீதம்கூட இல்லை. தூண் பூஜ்யத்திலிருந்து எழும்பவில்லை, 400இலிருந்து எழும்பியிருக்கிறது. ஓரத்தில் மிகச் சிறியதாக 400 என்று போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் நான் பார்த்தேன். லாபத்துக்குத் தூண் படமே இல்லை. அதற்கு முந்தின வருஷத்து அறிக்கையை மகள் இணையத்தில் எடுத்துக் காட்டினாள். அதில் லாபத்துக்குத்தான் முதல் தூண், பச்சை நிறத்தில்.

இதையெல்லாம் நான் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நியாயமாக இருக்காது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், நவம்பர் 30க்குள் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு வழி செய்ய வேண்டும், டிசம்பர் 15க்குள் அனுமதி வாங்காத டேனரிகளை மூட வேண்டும் என்பது தீர்ப்பு. நான் அப்போது வேலை பார்த்த டேனரி நான்கு மாதம் மூடிக் கிடந்தது. 1997 மார்ச்சில் வருஷக் கணக்கு முடித்தோம். டைரக்டர்கள் அறிக்கையை டைப் அடிப்பது என் வேலை. முதலாளி நல்ல மனிதர், கையில் காசில்லாத மாதத்திலும் கூலியை நிறுத்தாதவர். ஆனால் 'மூடினோம்' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'சுற்றுச்சூழல் மேம்பாட்டுப் பணிகளை முன்னிட்டு உற்பத்தி தற்காலிகமாகச் சீரமைக்கப்பட்டது' என்று அர்த்தம் வருகிற ஆங்கில வாக்கியத்தை நான்தான் யோசித்துக் கொடுத்தேன். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதைவிட மோசமானது கிடங்குச் சரக்கு. வெட் புளூ தோல், அதாவது குரோம் ஏற்றி நீலம் பூத்த ஈரத்தோல், ஆர்டர் ரத்தாகிப் பதினான்கு மாதமாக அடுக்கிக் கிடந்தது. ஈரம் காயாமலிருக்கப் பாலிதீன் போட்டு மூடியிருந்தார்கள். ஸ்டாக் எடுக்கப் போனேன். செலக்‌ஷன் பார்க்கும் மேஸ்திரி பாலிதீனை விலக்கி, மேலே கிடந்த தோலை மடித்துக் காட்டினார். மடிப்புக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை. விரலால் தேய்த்தார், பூஞ்சை போனது, கறை போகவில்லை. "இது போகாது சார். டிரம்முல போட்டு எடுத்தாலும் இந்தக் கறை இருக்கும். கறுப்புச் சாயம் போட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளலாம், அவ்ளோதான்" என்றார். வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிட வேண்டும் என்பது இரண்டாம் எண் கணக்கியல் தரம். எங்களுக்கெல்லாம் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

நான் டைப் அடித்தது: 'கையிருப்பில் ஒரு பகுதி மெதுவாக நகரும் சரக்கு, வழக்கமான வியாபாரப் போக்கில் உரிய விலைக்கு விற்பனையாகும் என நிர்வாகம் நம்புகிறது.' பதினான்கு மாதத்தில் ஒரு அங்குலம் நகராத சரக்கு அது. பேங்கில் கடன் வரம்பைப் புதுப்பித்தார்கள். அது போகட்டும், பேங்குக்கு அடமானம் இருந்தது. எங்களுக்குப் பச்சைத் தோல் கடனுக்குக் கொடுத்துவந்த மண்டிக்காரர் ஒருவர், பேரணாம்பட்டுக்காரர், தயங்கிக்கொண்டு வந்து நின்றார். முதலாளி சொன்னபடி அந்த அறிக்கையை நானே ஜெராக்ஸ் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. அந்த வரியை நான்தான் தமிழில் சொன்னேன். சரி என்று இன்னும் மூன்று லோடு இறக்கினார். அடுத்த வருஷம் சரக்கை உண்மையான விலைக்கு இறக்கி எழுதினோம், கம்பெனி தள்ளாடியது, அவருடைய பணத்தில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் பஜாரில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் இப்போது இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த அறிக்கைகளில் எந்தச் சொல்லும் தற்செயலாக வந்து உட்கார்வதில்லை. யாரோ ஒருவர் யோசித்து வைக்கிறார்.

அப்படி வைக்கிற விதத்தில் சில தடங்கள் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. லாபம் வந்தால் 'நாம் எடுத்த தொலைநோக்கு முடிவுகள்'. நட்டம் வந்தால் மழை, போர், மூலப்பொருள் விலை, டாலர். என் மகள் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறாள். பெட்மன், வெய்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இலேயே பங்குதாரர்களுக்கான கடிதங்களை எடுத்து ஆராய்ந்து இதைக் காட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாள். கெட்டது நடந்தால் காரணம் வெளியில், தங்கள் கைக்கு மீறியது; நல்லது நடந்தால் அப்படி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்த ஃபெங் லீ 2008இல் இன்னொன்றைக் காட்டினார்: லாபம் குறைந்த கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் படிக்கக் கடினமாக இருக்கின்றன. வாக்கியம் நீளம், சொல் பெரிசு. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதலாளி தெளிவாகச் சொல்லச் சொன்ன வருஷங்களில் எனக்கு ஒன்றரைப் பக்கம் போதும். கஷ்ட வருஷங்களில்தான் நான்கு பக்கம் அடித்தேன்.

இன்னொரு தடம், ஆள் இல்லாத வாக்கியம். 'விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கினோம்' என்று நல்ல செய்தியில் 'ஓம்' வரும். கெட்ட செய்தியில் 'கடன் தள்ளுபடி செய்யப்பட்டது', 'ஆலை மூடப்பட்டது' என்று எல்லாம் 'பட்டது' ஆகிவிடும். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யார் தள்ளுபடி செய்தார்கள் என்ற பேச்சே இல்லை. என்னுடைய 'சீரமைக்கப்பட்டது'கூட அந்த ஜாதிதான்.

அப்புறம் 'எதிர்மறை வளர்ச்சி'. ஆங்கிலத்தில் யாரோ உண்டாக்கியதை அப்படியே தமிழாக்கித் தங்கள் பக்கத்திலும் போடுகிறீர்கள். எங்கள் பக்கம் போன வருஷம் இருபது மூட்டை மல்லாட்டை (வேர்க்கடலை) எடுத்தவர் இந்த வருஷம் பன்னிரண்டு மூட்டை எடுத்தால், "வெளைச்சல் கம்மி" என்பார். 'குறைந்தது', 'சரிந்தது', 'விழுந்தது' என்று தமிழில் அளவுக்குத் தக்கபடி சொல் இருக்கிறது. கொஞ்சமாகக் குறைந்தால் ஒன்று, தடாலென்று போனால் ஒன்று. குறைந்ததை வளர்ச்சி என்று சொல்லவைக்கிற ஒரு சொல்லை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

'எபிட்டா' என்று ஒன்று இப்போது எல்லாச் செய்தியிலும் வருகிறது. வட்டி, வரி, தேய்மானம் இவையெல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம். கணக்காளருக்கு அது பயனுள்ள எண்தான், நான் மறுக்கவில்லை. கடன் எவ்வளவு என்பதை ஒதுக்கிவிட்டுத் தொழில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று பார்க்க உதவும். ஆனால் வெறுமனே 'எபிட்டா 30% உயர்வு' என்று தலைப்புப் போட்டால் வாசகருக்கு என்ன புரியும்? எங்கள் தெருவில் ஒரு தம்பி குட்டி யானை ஓட்டுகிறார். டீசல் போக மாதம் 40,000 நிற்கிறது. அதில் பாதி வண்டி டியூ. டயர் மாற்ற வேண்டும், நாலைந்து வருஷத்தில் வண்டியையே மாற்ற வேண்டும். அவரைக் கேட்டால் நாற்பது சம்பாதிக்கிறேன் என்று சொல்ல மாட்டார்; கைக்கு என்ன நிற்கிறது என்பதைத்தான் சொல்வார்.

இந்த எண்ணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் வீவொர்க் கம்பெனியைப் பார்த்தால் தெரியும். அலுவலக இடத்தை வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடும் கம்பெனி. 2017இல் அதன் நிகர நட்டம் 93.3 கோடி டாலர். 2018இல் கடன் பத்திரம் வெளியிட்டபோது 'சமூகம் சார்ந்து திருத்தப்பட்ட எபிட்டா' என்று புதிதாக ஓர் அளவைக் கொண்டுவந்தார்கள். வட்டி, வரி, தேய்மானத்தோடு நிற்காமல் விளம்பரச் செலவு, நிர்வாகச் செலவு, புதுக் கட்டடங்களுக்கான செலவு என்று எல்லாவற்றையும் ஒதுக்கினார்கள். அப்படிப் பார்த்தால் 23.3 கோடி டாலர் லாபம். 2023 நவம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கம்பெனிகள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் இப்படிப்பட்ட லாப அளவுகளை எப்படிக் கணக்கிட்டோம், முறையான கணக்கோடு அது எங்கே வேறுபடுகிறது என்று விளக்கியே ஆக வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 18ஆம் எண் தரத்தை வெளியிட்டிருக்கிறது. 2027 முதல் நடைமுறை. நல்ல காரியம்.

நம் நாட்டில் சத்யம் கதை எல்லோருக்கும் தெரியும். 2009 ஜனவரி 7 அன்று அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ரொக்கமும் வங்கி இருப்பும் 5,040 கோடி ரூபாய் ஊதிக் காட்டப்பட்டிருப்பதாக அதில் ஒப்புக்கொண்டார். புலி மேல் சவாரி செய்வது போல, எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று எழுதியதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு உறைத்தது வேறு வரி. உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் இடையே முதலில் இருந்தது ஒரு சிறிய இடைவெளிதான், அது வருஷங்களில் வளர்ந்துவிட்டது என்கிறார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள உட்கார்ந்த அன்றும் 'இடைவெளி' என்றுதான் அவர் கை எழுதியது. அந்த இடைவெளி தானாக வளர்ந்ததாம். அவ்வளவு வருஷப் பழக்கம், கடைசிக் கடிதத்திலும் விடவில்லை.

எல்லா மெல்லிய சொல்லும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. நாளை நடக்கப்போவதைப் பற்றி எழுதும்போது 'எதிர்பார்க்கிறோம்', 'கூடும்' என்று ஜாக்கிரதையாகத்தான் எழுத வேண்டும். சட்டமும் அதைத்தான் விரும்பும். எங்கள் தொழிலில் கடன், பொறுப்பு, ஒதுக்கீடு எல்லாம் சாதாரணச் சொற்கள். வெளியாட்கள் அவற்றைப் பார்த்துப் பயந்தால் அது எழுதியவர் குற்றமில்லை. நேர்மையாக எழுதுகிற கம்பெனிகளும் உண்டு. நட்டத்தை முதல் பத்தியிலேயே சொல்லி, இது எங்கள் தவறு என்று எழுதிய கடிதங்களையும் படித்திருக்கிறேன். அப்படி எழுதியவர்களுக்குத் தங்கள் பக்கத்தில் இடம் கிடைத்ததா என்பதுதான் தெரியவில்லை.

செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். இப்போது வீடியோவில்தான் நடத்துகிறார்கள். மகளின் லேப்டாப் முன்னால் அக்காவை உட்காரவைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டர் கொடுத்தது 'குவாலிஃபைடு ஒப்பீனியன்'. அக்கா மகன் போனில் என்னிடம், "மாமா, ஆடிட்டரே குவாலிஃபைடுன்னு கொடுத்துட்டாரே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டான். பி.காம். படித்தவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சொல் அப்படி இருக்கிறது. பரீட்சையில் தேறினால் குவாலிஃபைடு, வேலைக்குத் தகுதியானால் குவாலிஃபைடு. ஆடிட்டர் எழுதினால் மட்டும் 'இந்த விஷயத்தில் கணக்கை நான் ஏற்கவில்லை' என்று அர்த்தம். இதே கம்பெனியில், வராத கடனுக்குப் போதுமான தொகை ஒதுக்கவில்லை என்பது அவருடைய ஆட்சேபம்.

2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 145ஆம் பிரிவுப்படி, கம்பெனியைப் பாதிக்கக்கூடிய ஆடிட்டரின் ஆட்சேபங்களைப் பொதுக்கூட்டத்தில் படிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் டைரக்டர்கள் தங்கள் அறிக்கையில் விளக்கம் தர வேண்டும் என்று 134ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைக்குச் செயலாளர், "அறிக்கை ஏற்கெனவே அனைவருக்கும் அனுப்பப்பட்டிருப்பதால் படித்ததாக எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். முன்கூட்டியே பதிவு செய்திருந்ததால் அக்காவுக்கு இரண்டு நிமிஷம் பேச அனுமதி. நான் எழுதிக்கொடுத்த தாளைப் பார்க்காமல் அவர் தமிழிலேயே கேட்டார்: "ஐயா, போன வருஷம் நாப்பத்தொண்ணு, இந்த வருஷம் ஏழு. முப்பத்துநாலு கோடி எங்க போச்சு?" தலைவர் தமிழர்தான். "அம்மாவின் ஆக்கபூர்வமான கேள்விக்கு நன்றி. நமது பயணத்தில் சில சவால்கள்..." என்று ஆரம்பித்தார். அக்கா என் பக்கம் திரும்பி, "அவரு இன்னாப்பா சொல்றாரு?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? இன்று அந்த 1,80,000 ரூபாய்ப் பங்கின் விலை 1,10,000 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது.

பங்கு விலை ஏறும், இறங்கும். அதற்காக நான் கம்பெனியையோ தங்களையோ குறை சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்து வாங்கி நட்டப்பட்டிருந்தால் அக்காவே அழ மாட்டார், கெட்டிக்காரர். நான் கேட்பது தங்கள் கையில் இருக்கிற காரியம் மட்டும்தான்.

கம்பெனி அனுப்பும் செய்திக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போடாதீர்கள். அதில் தலைப்பு உட்பட எல்லாமே அவர்கள் விருப்பப்படி அடுக்கியது. நிகர லாபமா நட்டமா, எவ்வளவு, போன வருஷம் இதே காலாண்டில் எவ்வளவு, இதுதான் முதல் வரியில் வர வேண்டும். விற்பனை அதற்கு அடுத்துதான். நிலம் விற்று, பங்கு விற்று வந்த லாபமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், அரை வரி போதும். ஆடிட்டர் ஆட்சேபம் தெரிவித்திருந்தால் 'ஆடிட்டர் ஆட்சேபம்' என்றே தமிழில் போடுங்கள். தலைவர் சொன்ன சாதனை, சவால், பயணம் எல்லாவற்றையும் தாராளமாகப் போடலாம், மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னதாக. தங்கள் நாளிதழின் சொந்த வார்த்தையாக அது வரக் கூடாது. கம்பெனிக்காரர் 'மிதமான தன்மை' என்று எழுதினால் யாரும் பெரிதாக நம்ப மாட்டார்கள். பேப்பரில் வந்தால் நம்புகிறார்கள். குடியாத்தத்தில் ஒரு பெண்மணி அதைக் கத்தரித்து பீரோவில் வைத்துக்கொள்கிறார்.

கஷ்டமான வேலை இல்லை இது. 1998இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், முதலீட்டாளர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று கம்பெனிகளுக்காகவே ஒரு கையேடு போட்டது. அதற்கு முன்னுரை எழுதிய பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட், ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவேன் என்கிறார். புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் அல்ல. தங்கள் வணிகப் பக்கத்தில் எழுதும் தம்பிக்கும் தங்கைக்கும் அக்காவோ அம்மாவோ இருப்பார்கள். மாலை வீட்டுக்குப் போய் அவர்களிடம் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வார்களோ, அப்படியே எழுதினால் எனக்குப் போதும்.

இந்த வாரம் வந்த செய்தியில் அந்தப் பழைய கம்பெனி இல்லை, வேறொன்று. ஆனால் தலைப்பு அதே அச்சு: காலாண்டு விற்பனை இத்தனை சதவீதம் உயர்வு. ஏழாவது பத்தியில், கடைசி வரியில், நிகர நட்டம் 22 கோடி. எத்தனை பேர் ஏழாவது பத்தி வரைக்கும் போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் போன வருஷம் போகவில்லை.

அக்கா கத்தரித்து வைத்திருந்த துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். 37ஆம் எண் குறிப்பு இருக்கும் பக்கத்தையும் தூண் படம் இருக்கும் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், அளந்த இடங்களில் பென்சில் குறி இருக்கும். பார்த்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள், தபால் தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. மாமா பணம் எங்கே போனது என்று எழுதிவைக்கும் நோட்டில் அதை ஒட்டி வைக்க வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வு பெற்ற டேனரி கணக்காளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.